எர்பிலில் ஒரு துணைத் தூதரகம் எதற்கு? நம் கடற்கரை சொல்லும் பதில்



நம் பழைய மாணவர் ஒருவர் இராக்கில் எர்பில் என்ற ஊருக்கு வேலைக்குப் போகிறார். விவரம் சொல்லப் போன் செய்தவர், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "சார், பாக்தாத்துல நம்ம தூதரகம் இருக்கு. அப்புறம் எர்பில்லயும் எதுக்கு ஒண்ணு? குர்து மக்களுக்குத் தனி நாடுன்னு நம்ம அரசாங்கம் ஒத்துக்கிட்டதா?"

நல்ல கேள்வி. போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. வழக்கம்போல் வரலாற்று வகுப்புதான். பரீட்சை மட்டும் கிடையாது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை, தனி நாடு என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. துணைத் தூதரகம் என்பது ஒரு நாட்டை அங்கீகரிக்கிற முத்திரை அல்ல. ஆபத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சாதாரண மனிதனுக்கும், அவன் பெயரைச் சொல்லி விசாரிக்க உரிமையுள்ள ஓர் அதிகாரிக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கிற ஏற்பாடு. இதைப் புரிந்துகொள்ள எர்பில் வரை போக வேண்டாம். நம் தேவிபட்டினம் கடற்கரையில் நின்றாலே போதும்.

முதலில் தூதரகத்துக்கும் துணைத் தூதரகத்துக்கும் உள்ள வித்தியாசம். தூதரகம் நாட்டின் தலைநகரில் இருக்கும். அரசாங்கத்தோடு அரசாங்கம் பேசுகிற இடம் அது. துணைத் தூதரகம் வேறு ஊர்களில் இருக்கும். கடவுச்சீட்டு, விசா, பிறப்பு இறப்புப் பதிவு, சிறையில் இருப்பவரைப் பார்ப்பது, இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புவது, வியாபாரிகளுக்கு வழிகாட்டுவது என்று மனிதர்களின் அன்றாடக் காரியங்கள் அங்கே நடக்கும். சென்னைத் தலைமைச் செயலகத்துக்கும் நம் தாலுகா ஆபீசுக்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழுக்கு யாரும் கோட்டைக்குப் போவதில்லை அல்லவா?

இதற்கென்று ஓர் உலக உடன்படிக்கை இருக்கிறது: 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. இந்தியா 1977இல் அதில் சேர்ந்தது. அதில் இரண்டு பிரிவுகளை மட்டும் நினைவில் வையுங்கள். 4ஆவது பிரிவு: அந்த நாட்டு அரசின் சம்மதம் இல்லாமல் அங்கே எந்த ஊரிலும் துணைத் தூதரகம் திறக்க முடியாது. 36ஆவது பிரிவு: வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கைது செய்தால், தன் நாட்டு அதிகாரிக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, அந்த அதிகாரிக்குச் சிறைக்குப் போய் அவரைப் பார்க்கவும், பேசவும், வக்கீல் ஏற்பாடு செய்யவும் உரிமை உண்டு. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தானுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது இந்த 36ஆவது பிரிவை வைத்துத்தான்.

சட்டப் புத்தகத்தில் உரிமை இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரி 400 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், நடுவில் போர் நடந்துகொண்டிருந்தால், அந்த உரிமையால் என்ன பயன்?

இப்போது நம் கரைக்கு வருவோம்.

நவபாஷாணத்துப் படித்துறையில் கிழக்கே பார்த்து நில்லுங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர். நமக்கு மதுரை எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, சாலை வழியே சுமார் 400 கிலோமீட்டர். நம் மீனவர் யாழ்ப்பாணத்தில் பிடிபட்டால், வீட்டுக்கு அவர் பக்கம்; அவருக்காகப் பேச வேண்டிய அலுவலகத்துக்குத் தூரம். நெடுங்காலம் நிலைமை இப்படித்தான் இருந்தது.

100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தூரத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பது சுவையான வரலாறு. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அப்புறம் கொழும்புக்கு மறுபடி ரயில். நம் பெரியவர்கள் சொன்ன போட் மெயில் அதுதான். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். காலரா, அம்மை அங்கே பரவிவிடக்கூடாது என்று அவர்களைச் சில நாள் தனியாக வைத்துப் பார்த்து, ஊசி போட்டு, பதிவு செய்து அனுப்ப ஒரு முகாம் வேண்டியிருந்தது. அதுதான் மண்டபம் முகாம். அந்த முகாமை நடத்தியது யார் தெரியுமா? சென்னை அரசு அல்ல, இலங்கை அரசு. நம் ராமநாதபுரம் மண்ணில், நம் கரையில், அக்கரை அரசு ஓர் அலுவலகம் வைத்து நடத்தியது. மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வந்துவிட்டது. முகாமைத் தாண்டித் தினமும் போகிறவர்களுக்குக்கூட இந்தச் செய்தி தெரிவதில்லை.

அங்கே போன தொழிலாளிக்கு நம் பக்கத்திலிருந்து யார் இருந்தார்கள்? 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்படி 1923இல் இலங்கைக்கு ஓர் இந்திய ஏஜெண்ட் நியமிக்கப்பட்டார். அவர் அலுவலகம் கொழும்பில் இல்லை, கண்டியில் இருந்தது. காரணம் எளிது. தோட்டங்கள் மலையில், தொழிலாளர்கள் மலையில், ஆகவே அலுவலகமும் மலையில். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து, கூலி என்ன, வீடு எப்படி, கங்காணி கடன் எவ்வளவு என்று ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்கள். 1927இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததற்கு இந்த மேற்பார்வையும் ஒரு காரணம். அடிமை நாடாக இருந்தபோதே இந்த அறிவு நமக்கு இருந்தது: அலுவலகம் மந்திரிகள் இருக்கும் ஊரில் மட்டும் இருந்தால் போதாது, மக்கள் இருக்கும் ஊரிலும் இருக்க வேண்டும்.

1964 அக்டோபரில் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று பங்கு பிரித்தார்கள். மனிதர்களைப் பங்கு பிரித்தது சரியா என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. அந்தப் பெருங்காரியத்துக்கான விண்ணப்பங்களையும் கடவுச்சீட்டுகளையும் பார்த்துக்கொண்டதில் கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த அலுவலகம் உதவி உயர் ஆணையம் என்ற பெயரில் இன்றும் கண்டியில் இருக்கிறது.

அதே 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இன்னும் சில காலம் ஓடி, 1980களின் நடுவில் அதுவும் நின்றது. 1974, 1976 ஒப்பந்தங்களில் கடலில் எல்லைக்கோடு போட்டாயிற்று. 1983க்குப் பிறகு அக்கரையில் போர். வழி எல்லாம் அடைபட்டது. ஆனால் மீன் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை. மீனைத் தேடிப் போகிறவனும் இருட்டில் பல நேரம் கோட்டைப் பார்ப்பதில்லை.

அந்த 80, 90களில் நான் பாடம் நடத்திய வகுப்புகளில், அப்பா அக்கரைச் சிறையில் இருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வருவார்கள்: "சார், இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுப்பேன். மீனவர் பெயர், படகு எண், பிடிபட்ட தேதி. அடுத்த வரிதான் நிற்கும். எந்தச் சிறை? எந்தக் கோர்ட்? அந்த அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்பதே சில நேரம் தெரியாது. வெளியுறவு விவகாரம் என்றால் டெல்லியில் கோட்டு போட்டவர்கள் பேசுவது என்று அதுவரை பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நான். அது மனுவில் காலியாக விட்ட ஒரு வரியும்தான் என்று அந்த அம்மாக்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

யாழ்ப்பாணத்தை மற்ற ஊர்களோடு இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது. 2010 ஜூனில் அன்றைய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்ச டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில், யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்தியத் துணைத் தூதரகங்கள் திறக்க இரு நாடுகளும் சம்மதித்தன. அதே ஆண்டு நவம்பரில் அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ்.எம்.கிருஷ்ணா நேரில் போய் இரண்டையும் திறந்து வைத்தார்.

ஏன் இரண்டு என்று கவனியுங்கள். யாழ்ப்பாணம் தமிழர் ஊர். அங்கே மட்டும் திறந்தால், இந்தியா வடக்கைத் தனியாகப் பார்க்கிறது என்ற சந்தேகம் தென்னிலங்கையில் எழும். அம்பாந்தோட்டையோ ராஜபக்சவின் சொந்த மாவட்டம். சீனா துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த இடமும் அதுவே. இரண்டையும் சேர்த்து வைத்ததால் அந்தப் பேச்சுக்கு இடம் குறைந்தது. நமக்கும் இரண்டு இடத்தில் கண் இருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரரின் மனம் கோணாமல் அவர் வீட்டில் இருக்கும் நம் சொந்தத்தைப் போய்ப் பார்த்துவருவது எப்படி என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அந்த அலுவலகம் வந்த பிறகு என்ன மாறியது? நம் மீனவர் பிடிபட்டால் இன்று நடப்பதைச் சொல்கிறேன். இலங்கைக் கடற்படை அவர்களைக் காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுவரும். மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கும். ஊர்காவற்றுறை போன்ற ஊர்களின் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணச் சிறை. துணைத் தூதரக அதிகாரிகள் போய்ப் பார்க்கிறார்கள், பெயர், ஊர், உடல்நிலை கேட்கிறார்கள், மாற்றுத்துணி, சோப்பு கொடுக்கிறார்கள், வீட்டோடு பேச வழி செய்கிறார்கள், வக்கீல் வைக்கிறார்கள். விடுதலையானதும் கடவுச்சீட்டு இல்லாத அவர்களுக்கு அவசரப் பயணச் சான்று கொடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அதாவது, நான் மனுவில் காலியாக விட்ட அந்த வரியை நிரப்ப இப்போது ஓர் ஆள் இருக்கிறார்.

உயிர் காத்த கதையும் உண்டு. 2011 நவம்பரில் ராமேஸ்வரம் பகுதி மீனவர் 5 பேர் பிடிபட்டார்கள். போதைப்பொருள் கடத்தியதாக வழக்கு. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் ஐவருக்கும் மரண தண்டனை விதித்தது. தங்கச்சிமடம், ராமேஸ்வரம் எல்லாம் கொதித்தது நினைவிருக்கும். இந்தியத் தரப்பில் மேல்முறையீடு செய்தார்கள். இன்னொரு பக்கம் அரசு மட்டத்தில் பேச்சும் நடந்தது. அதிபர் மன்னிப்பு வழங்கினார். நவம்பர் மூன்றாவது வாரத்தில் ஐவரும் வீடு திரும்பினார்கள். இதைச் செய்தது பெரும்பாலும் மேல்மட்டப் பேச்சு என்பது உண்மை. ஆனால் பேச்சு நடக்கும் வரை 3 ஆண்டுகள் அந்த ஐவரையும் மறந்துவிடாமல் கணக்கில் வைத்திருந்தது, இப்படிப்பட்ட அலுவலகங்கள் செய்த தினசரி வேலை.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். துணைத் தூதரகம் கைதைத் தடுக்காது. நீதிபதியின் மனதை மாற்றாது. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக்கியது. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். யாழ்ப்பாணத்தில் 10 அலுவலகம் வைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. அது இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது.

இன்னொன்றும் சொல்கிறேன், நம்மவர்கள் கோபிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து மீனவர்கள் அதே துணைத் தூதரகத்தின் முன்னால் பலமுறை ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறார்கள். 2024இல் உண்ணாவிரதமும் இருந்தார்கள். நம் விசைப்படகுகள் தங்கள் வலையை அறுத்துவிடுகின்றன, 30 ஆண்டு போருக்குப் பிறகு இப்போதுதான் கடலில் இறங்குகிறோம், அதையும் விட மாட்டேன் என்கிறீர்களா என்பது அவர்கள் கேள்வி. நம் காதுக்குக் கசப்பானாலும் நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் வைக்க அவர்களுக்கு ஒரு வாசல் கிடைத்ததே, அதுவும் அந்த அலுவலகத்தால் வந்த நன்மைதான்.

இந்திய உதவியில் வடக்கு, கிழக்கில் கட்டிய 46,000 வீடுகள், யாழ்ப்பாணத்தில் எழுந்த பண்பாட்டு மையம், 2019இல் மீண்டும் திறந்த பலாலி விமான நிலையம், 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் இவற்றையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் அங்கே வேண்டியிருந்தது. இந்தியா வர விசா வேண்டும் என்றால் யாழ்ப்பாணத்துக்காரர் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியமும் குறைந்தது.

இனி எர்பில். யாழ்ப்பாணத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் சுலபமாகப் புரியும்.

குர்து மக்கள் துருக்கி, ஈரான், இராக், சிரியா என்ற நான்கு நாடுகளில் பிரிந்து வாழ்கிறார்கள். தனி மொழி, தனிப் பண்பாடு. தனி நாடு இல்லை. ஜெருசலேமை மீட்ட சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபி குர்து இனத்தவர் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியும். முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் செவ்ர் ஒப்பந்தம் அவர்களுக்குத் தனி நாட்டுக்கு வழிகாட்டியது; 1923இல் லோசான் ஒப்பந்தம் அதைக் கைவிட்டது. அந்தப் போரில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், பிரிட்டிஷாருக்காகப் போன இந்தியர்கள் 6 லட்சத்துக்கும் மேல். நம் மதராஸ் சாப்பர்ஸ் படையும் அதில் உண்டு. 1932 வரை இராக்கில் நம் ரூபாய்தான் செல்லுபடியானது.

1988 மார்ச்சில் சதாம் உசேன் ஆட்சி ஹலப்ஜா என்ற குர்து ஊரில் விஷவாயு வீசியது. சுமார் 5,000 பேர் இறந்தார்கள். 1991க்குப் பிறகு வடக்கு இராக்கில் குர்துகள் தங்களைத் தாங்களே ஆளத் தொடங்கினார்கள். 2005 இராக் அரசியல் சட்டம் குர்திஸ்தானை ஒரு சுயாட்சிப் பகுதியாக ஏற்றுக்கொண்டது. அதன் தலைநகர் எர்பில். தனி நாடாளுமன்றம், தனிப் படை, தனி விசா. இந்த விசா விஷயம் முக்கியம். பல ஆண்டுகள் குர்திஸ்தான் விசாவில் போனவர் பாக்தாத் போக முடியாது. அதாவது எர்பிலில் வேலை செய்கிற நம் ஆளுக்குக் கடவுச்சீட்டு தொலைந்தால், அவருக்கு உதவ வேண்டிய தூதரகம் இருக்கும் ஊருக்கு அவரால் சட்டப்படி போகவே முடியாது!

2014 ஜூன் மாதம் மோசுல் நகரம் ஐ.எஸ். அமைப்பின் கையில் விழுந்தது. அங்கே கட்டட வேலையில் இருந்த இந்தியர் 40 பேரைப் பிடித்துப் போனார்கள். ஒருவர் மட்டும் தப்பினார். மீதி 39 பேரில் 27 பேர் பஞ்சாப், 6 பேர் பீகார், 4 பேர் இமாச்சலப் பிரதேசம், 2 பேர் மேற்கு வங்காளம். எல்லாரும் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள். நம் பிள்ளைகளைப் போல. அதே நேரத்தில் திக்ரித் மருத்துவமனையில் 46 இந்திய நர்சுகள் மாட்டிக்கொண்டார்கள். கேரளப் பெண்கள், ஒருவர் நம் தூத்துக்குடிப் பெண். அவர்களையும் மோசுலுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு விடுவித்தார்கள். விடுபட்டவர்கள் எங்கே வந்தார்கள்? பாக்தாத்துக்கு அல்ல, எர்பிலுக்கு. அங்கிருந்து ஏர் இந்தியா தனி விமானத்தில் 2014 ஜூலை 5 அன்று கொச்சியில் இறங்கினார்கள்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். மோசுலிலிருந்து பாக்தாத் சுமார் 400 கிலோமீட்டர், நடுவில் போர்க்களம். மோசுலிலிருந்து எர்பில் 85 கிலோமீட்டர்தான். யாழ்ப்பாணம் - கொழும்பு கணக்கு மாதிரியே இல்லையா? ஆபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பாதுகாப்பான ஊர் எர்பில். அங்கே அப்போது நமக்குத் துணைத் தூதரகம் இல்லை. தற்காலிகமாக அதிகாரிகளை அனுப்பித்தான் சமாளித்தார்கள்.

39 பேர் குடும்பங்கள் ஏறக்குறைய 4 ஆண்டுகள் காத்திருந்தன. உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் காத்திருந்தன. 2016 ஆகஸ்டில் எர்பிலில் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. 2017 ஜூலையில் மோசுல் மீட்கப்பட்டதும், வெளியுறவு இணை அமைச்சர் வி.கே.சிங் எர்பிலுக்குப் போய்த்தான் தேடத் தொடங்கினார். பாதுஷ் என்ற இடத்தில் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. மரபணுச் சோதனையில் உறுதியானது. 2018 மார்ச் 20 அன்று சுஷ்மா சுவராஜ் மாநிலங்களவையில் 39 பேரும் இறந்ததை அறிவித்தார். ஏப்ரல் 2 அன்று 38 பேரின் உடல்கள் ஊர் வந்து சேர்ந்தன.

எர்பிலில் முன்பே அலுவலகம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பிடித்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். ஆனால் நகரம் விழுவதற்கு முன்பு அந்தக் கம்பெனியில் நம் ஆட்கள் எத்தனை பேர், கடவுச்சீட்டு யார் கையில், எந்த நேரத்தில் கிளம்பச் சொல்ல வேண்டும் என்று பக்கத்திலிருந்து பார்க்க ஓர் ஆள் இருந்திருப்பார். தூதரக வேலையில் முக்கால் பங்கு ஆபத்து வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

சரி, எர்பிலில் திறப்பது பிரிவினைக்கு ஊக்கம் கொடுப்பதாகாதா? இது பலர் கேட்கிற கேள்வி. இரண்டு நாடுகளைப் பாருங்கள். தங்கள் நாட்டில் குர்துகள் தனி நாடு கேட்டுவிடுவார்கள் என்று அதிகம் பயப்படுகிற துருக்கி, 2010இல் எர்பிலில் துணைத் தூதரகம் திறந்தது. அதே பயமுள்ள ஈரான் அதற்கும் முன்பே திறந்துவிட்டது. அவர்களுக்கே அது அங்கீகாரமாகத் தெரியவில்லை. வியாபாரமும் எல்லைப் பாதுகாப்பும் குடிமக்களும் அங்கே இருந்தார்கள், அலுவலகமும் போயிற்று. 2017 செப்டம்பரில் குர்திஸ்தான் தனி நாடு கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது. 92 சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றார்கள். பாக்தாத் கோபித்து, எர்பிலுக்கு வெளிநாட்டு விமானங்களை 2018 மார்ச் வரை நிறுத்தியது. இத்தனை நாட்டு அலுவலகங்கள் அங்கே இருந்தும் தனி நாடு பிறக்கவில்லை. இந்தியா ஒன்றுபட்ட இராக்கைத்தான் ஆதரிக்கிறது. பாக்தாத்தின் சம்மதத்தோடுதான் எர்பிலில் அலுவலகம் நடத்துகிறது. யாழ்ப்பாணத்துக்கும் இதே விதிதான்.

செலவு ஒரு கேள்வி. வாடகை, சம்பளம், பாதுகாப்பு எல்லாம் உண்டு. உலகில் எல்லா ஊரிலும் திறக்க முடியாது. எங்கே திறக்கலாம் என்பதற்கு என் கணக்கு இது: நம் சாதாரண ஜனங்கள் அங்கே இருக்கிறார்களா? தலைநகருக்குப் போவது அவர்களுக்குக் கடினமா? ஆபத்து வர வாய்ப்பு உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் திறக்க வேண்டும். யாழ்ப்பாணம், எர்பில் இரண்டும் இந்தக் கணக்கில் தேறும்.

இதே கணக்கை மறுபக்கமும் போட்டுப் பார்ப்பதுதான் நியாயம். இலங்கையின் துணைத் தூதரகம் சென்னையில் இருக்கிறது. மண்டபம் முகாமிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். போர்க்காலத்தில் வந்த அகதிகள் இன்னும் அந்த முகாமில் இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக் கரையில் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்கியவர்களும் அங்கேதான் சேர்ந்தார்கள். இங்கே பிறந்த குழந்தைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டும் என்றால் அந்தத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். கூலி வேலை செய்கிற தாய் அதற்காக எத்தனை நாள் வேலையை விட முடியும்? எல்லை தாண்டி வந்து நம் பக்கம் பிடிபடுகிற இலங்கை மீனவரின் மனைவியும், அன்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா மாதிரித்தான் காத்திருப்பார்.

ஆகவே என் கோரிக்கை: இலங்கை அரசு கேட்டால், ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ அவர்களுக்கு ஒரு சிறு அலுவலகம் திறக்க இந்திய அரசு சம்மதிக்க வேண்டும். முழுத் துணைத் தூதரகம் வேண்டாம். மாதத்துக்குச் சில நாள் அதிகாரி வந்து உட்கார்ந்தால்கூடப் போதும். 100 ஆண்டுகளுக்கு முன்பு, கூலிக்கு ஆள் தேவைப்பட்டபோது இதே மண்டபத்தில் அவர்கள் அரசு ஒரு முகாமையே நடத்தியது. தேயிலைக்காக முடிந்தது ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக முடியாதா?

கடைசியாக, வளைகுடாவிலும் இராக்கிலும் மலேசியாவிலும் இருக்கும் என் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படுகிற 18 நாடுகளில் இராக்கும் ஒன்று. ஏஜெண்ட் சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்றால் போகாதீர்கள். இ-மைக்ரேட் பதிவு இல்லாமல் போனால், நீங்கள் அங்கே இருப்பதே நம் அதிகாரிகளுக்குத் தெரியாது. போய் இறங்கியதும் பக்கத்தில் இருக்கும் இந்தியத் தூதரகமோ துணைத் தூதரகமோ எந்த ஊரில் இருக்கிறது, அவசர எண் என்ன என்று எழுதி, ஒரு பிரதி வீட்டுக்கு அனுப்புங்கள். கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் விசாவையும் படம் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள். சிக்கல் என்றால் மதத் என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவ தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று 2009 முதல் ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கான பணம், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எர்பில் போகிற தம்பிக்கு: கேள்வி கேட்டதற்கு நன்றி. போனதும் முதல் வேலையாகத் துணைத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்பு.

மண்டபம் முகாம் வழியாகப் போய்வந்த தாத்தா, பாட்டி கதைகள் உங்கள் வீட்டில் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பழைய அனுமதிச் சீட்டு, கடவுச்சீட்டு ஏதாவது பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.